படத்துக்குக் கீழே ஒரு வரி

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தை உலகம்மை நடத்தி வந்தார். அதற்கு முன் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கீழூரில் பலருக்கு அவர் இன்னமும் டீச்சர்தான். மடத்துக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் அம்மா.

அவரிடம் சீடராக இருந்த பலவேசம் அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை முகத்தில் பருவை அழிப்பார். பெண்ணுக்குப் பின்னால் ஊட்டியைக் கொண்டுவந்து வைப்பார். கோபத்தில் கல்யாணத்துக்கே வராத தாய்மாமனைக்கூட வரிசையில் நிறுத்திவிடுவார். மனைவி இறந்த பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். கண்ணை மூடினால் கலர் கலராக ஓடுகிறது என்று முதல் நாள் குறைப்பட்டுக்கொண்டார். ஓடட்டும் என்றார் உலகம்மை. பலவேசம் அங்கேயே தங்கிவிட்டார். வயதில் பெரியவர் என்பதால் உலகம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் மார்கழியில் ஓடை உடைத்துக்கொண்டு கீழூருக்குள் புகுந்தது. ஊர் முழுக்க மேட்டிலிருந்த மடத்தில் வந்து தங்கியது. வெள்ளத்தில் ஆள் யாரும் போகவில்லை. முன்பே போனவர்கள்தான் மறுபடி போனார்கள்.

தண்ணீர் வடிந்ததும் பெண்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய இறந்தவர்களின் படங்களை எடுத்து வெயிலில் வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சேறு இறங்கியிருந்தது. துடைத்தால் சேற்றோடு முகமும் துணியில் வந்தது. ஃபோன்களும் தண்ணீரில் போயிருந்தன.

லோகநாயகி ஒரு சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மடத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். லாரியில் அடிபட்டு இறந்துபோன மகன் மதியழகனின் படம். பரீட்சைக்கு எடுத்ததைப் பெரிதுபண்ணி மாட்டியிருந்தாள். இப்போது அதில் சட்டைக் காலர் மட்டும் இருந்தது. ஏதாவது செய்ய முடியுமா என்று பலவேசத்திடம் கேட்டாள்.

அவர் தன் லேப்டாப்பை எடுத்து வந்தார். சொல்லச் சொல்லப் படம் வரைந்து தரும் ஏஐ அதில் இருந்தது. லோகநாயகியின் முகத்தையும் அவள் தம்பி முகத்தையும் படம் பிடித்து அதற்குக் கொடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். நெற்றி இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். புருவம் சேர்ந்திருக்கும். மீசை இப்போதுதான் அரும்பியிருக்கும். பலவேசம் தட்டிக்கொண்டே வந்தார். முகம் மாறி மாறி வந்தது. கடைசியில் அவள் தயங்கிச் சொன்னாள்.

"கொஞ்சம் சிரிச்சாப்ல இருக்கலாமா அண்ணாச்சி? அந்தப் போட்டோவுல சிரிக்கக் கூடாதுன்னுட்டான் போட்டோக்காரன்."

சிரிப்பு வந்தது. லோகநாயகி திரையைத் தொட்டாள். அவன்தான் என்றாள்.

அதற்குப் பிறகு ஊரே வந்தது. தை மாதம் முழுக்கப் பலவேசம் மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து அப்பாக்களையும் அம்மாக்களையும் வரைந்து கொடுத்தார். ஆல்பம் கடையில் எத்தனையோ வருஷம் வேலை செய்தும் யாரும் அவரை இப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. தியானத்துக்குக்கூட அப்போது அவர் சரியாக வரவில்லை.

பழுது பார்த்துக்கொண்டிருந்த சமுதாயக் கூடத்தை ஆவணியில் திறக்கும்போது ஊரில் இறந்தவர்கள் படங்களை எல்லாம் அங்கே மாட்டுவது என்று முடிவானது. ஒவ்வொரு படத்திலும் இன்னொரு பிரதி போட்டுத் தரும்படி பலவேசத்திடம் கேட்டுக்கொண்டார்கள்.

பிரச்சினை மாவு மில் சுடலைமுத்து வீட்டில் ஆரம்பித்தது.

சுடலைமுத்து தன் அம்மா முத்துப்பேச்சியின் படத்தைச் செய்து வாங்கிப் போயிருந்தார். வட்ட முகம், பெரிய பொட்டு, காதில் பாம்படம். துபாயில் இருந்த தம்பி இசக்கிபாண்டிக்கு அனுப்பிவைத்தார். தம்பி உடனே கூப்பிட்டான்.

"இது யாருண்ணே?"

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சத்தம் போட்டார். அண்ணன் நினைவில் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த அம்மா. தம்பி, அம்மா நோயில் கிடந்த கடைசிக் காலத்தில், அண்ணன் வெளியூரில் வேலையாக இருந்தபோது, பக்கத்திலேயே இருந்து பார்த்தவன். அவன் அம்மாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதில் ஒன்றும் இல்லை. இந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டுவதாக இருந்தால் கீழே கம்ப்யூட்டர் போட்ட பொம்மை என்று எழுத வேண்டும் என்றான். பெற்ற தாய்க்குக் கீழே பொம்மை என்று எழுதச் சொல்கிறவன் என் தம்பியே இல்லை என்றார் சுடலைமுத்து. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. எழுத வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். இல்லாவிட்டால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு எது போட்டோ, எது வரைந்தது என்றே தெரியாமல் போகும் என்பது அவர்கள் வாதம். அதெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கும்பிடுகிற படத்தில் விளம்பரமா போடுவார்கள் என்று கேட்டார்கள். லோகநாயகி எந்தப் பக்கமும் பேசவில்லை. தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள்.

பலவேசம் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். பிறகு உலகம்மையிடம் போனார். அவர் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எழுதணுமா, வேண்டாமாம்மா?"

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி."

அவர் இப்படிச் சொல்வது புதிதல்ல. வழக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அன்று எழவில்லை. கையிலிருந்த தேங்காய் நாரைப் பிழிந்து ஓரமாக வைத்தார்.

"எனக்கும் ஒரு படம் செஞ்சு தாங்க."

"யாரும்மா?"

"ஆசான்."

ஆசான் உலகம்மையின் குரு. ஆசானின் படம் மடத்தில் இல்லை. எங்குமே இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்த இடத்தில் ஒரு ஓலைக் குடிசை போட்டு இருந்தவர். படம் எடுக்க யாராவது வந்தால், அதற்காக மூஞ்சியைச் சரிபண்ண வேண்டியிருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவாராம். கல்லூரி முடித்த வயதில் அவரிடம் வந்த உலகம்மை, அவர் இறக்கும்வரை கூட இருந்தார். மற்ற சீடர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள். ஆசானைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்று இப்போது மிஞ்சியிருப்பது உலகம்மை ஒருவர்தான்.

மறுநாள் காலையில் இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். உலகம்மை சொன்னார், பலவேசம் தட்டினார்.

மற்ற படங்களைவிட இது கடினமாக இருந்தது. கேட்காமலே ஏஐ ஆசானுக்கு ருத்திராட்சம் போட்டது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுத் தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தது. தாடியை வெள்ளிக் கம்பி மாதிரி சீவிவிட்டது.

"தாடி இவ்வளவு சுத்தமா இருக்காது. கஞ்சி ஒட்டியிருக்கும்" என்றார் உலகம்மை.

பலவேசம் அதையும் எழுதிப் பார்த்தார். ஏஐ தாடியில் விபூதி தூவியது. உலகம்மை சிரித்துவிட்டார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பலவேசம் பார்த்ததில்லை.

காது பெரிதானது. மூக்குத் தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டை போய்த் துண்டு வந்தது. கண்ணுக்குக் கீழே இருக்கும் தொங்கலுக்கு மட்டும் ஒரு பகல் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் உலகம்மை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பலவேசம் அடுத்த திருத்தத்துக்காக விரலை வைத்துக் காத்திருந்தார்.

"ஆமா" என்றார் உலகம்மை.

பிறகு, "கீழே எதுவும் எழுத வேண்டாம்" என்றார்.

படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, தியானக் கூடத்தின் மேற்குச் சுவரில் மாட்டினார்கள். தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாகப் பலவேசம் நினைத்துக்கொண்டார். அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. ஊரிலும் அப்படியே சொன்னார். சமுதாயக் கூடத்துப் படங்களுக்குக் கீழே எதுவும் எழுதப்போவதில்லை என்று ஆனது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மடத்துக்கு வருகிறவர்கள் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டார்கள். சிலர் பூ வைத்தார்கள். பலர் ஃபோனில் எடுத்துக்கொண்டார்கள். கண்ணில் என்ன ஒரு கருணை என்று மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். யாராவது கேட்டால் இது வரைந்த படம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் உலகம்மையும் பலவேசமும் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

பலவேசம் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடப் பழகினார். இப்போது கலர் ஓடவில்லை. ஆசான் முகம் வந்து நின்றது. இதைப் பெரிய முன்னேற்றமாக நினைத்து உலகம்மையிடம் போய்ச் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்திருந்தவர்களில் ஒரு பெண், ஆசானைப் பற்றி ஏதாவது சொல்லும்படி உலகம்மையிடம் கேட்டாள். முன்பெல்லாம் கேட்காமலே சொல்வார். ஆசான் வெந்நீர் போட்ட கதை, பாம்பைப் பார்த்து ஓடிய கதை, தபால்காரராக இருந்தபோது தந்தி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அழுத கதை. அன்று உலகம்மை ஆரம்பித்தார். "ஆசான் காலையில எழுந்ததும்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. மேற்குச் சுவரைப் பார்த்தார். வந்தவர்கள் காத்திருந்தார்கள். பிறகு, வேறொரு நாள் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

உடம்புக்கு முடியவில்லையோ என்று பலவேசம் பின்னாலேயே போனார். உலகம்மை சமையலறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஆசானுக்கு நெஞ்சுச் சளி உண்டு அண்ணாச்சி. காலையில எழுந்ததும் ரொம்ப நேரம் இருமுவார். அவர் போனதுக்கு அப்புறமும், அவரை நினைச்சா எனக்கு முதல்ல அந்த இருமல்தான் கேட்கும். பின்னாடிதான் ஆள் வருவார். முகம் சரியா இருக்காது. ஒருநாள் ஒருமாதிரி இருக்கும். ஆனா ஆள் வந்துருவார்."

கீரைக் காம்பை எடுத்துத் தனியாகப் போட்டார்.

"இப்ப படம்தான் வருது. ரொம்பத் தெளிவா வருது. படம் இருமுறதில்லை."

பலவேசம் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சா கேட்டீங்க?"

"தெரியாது. தெரியாததாலதான் கேட்டேன்."

"வேற யாரையாவது வச்சுப் பார்த்திருக்கலாமேம்மா."

"யாரோட ஆளை வச்சுப் பார்க்கணும்ங்கீங்க?"

பலவேசத்தால் அங்கே நிற்க முடியவில்லை. தியானக் கூடத்துக்குப் போய் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். சட்டத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது உலகம்மை எதிரில் நின்றார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"எரிச்சுடுதேன்."

"எரிச்சா இருமல் வந்துருமா?"

கையிலிருந்த படம் கனத்தது. உலகம்மை அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாகத் திரும்பக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார்கள்.

"இப்ப எழுதுங்க" என்றார் உலகம்மை.

"ஏஐ வரைஞ்சதுன்னா?"

"அதையும் எழுதுங்க. யார் சொல்லி வரைஞ்சதுன்னும் எழுதுங்க. அது பாட்டுக்கு வந்து ஆசானை வரையலையே."

பலவேசம் தடித்த அட்டையில் எழுதினார். ஆல்பம் கடையில் மணமக்கள் பெயரை எழுதிப் பழகிய கை. எழுத்து அழகாக வந்தது. 'ஆசான். உலகம்மை நினைவிலிருந்து சொல்ல, ஏஐ வரைந்த படம்.' சட்டத்துக்குக் கீழே, பூ வைத்தாலும் மறையாத இடத்தில் ஒட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஊருக்குள் வேலை இருந்தது. எழுத வேண்டியதில்லை என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர்தான். இப்போது எழுத வேண்டும் என்று அதே வீடுகளில் போய்ச் சொல்ல வேண்டும். மடத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டு சிலர் சரி என்றார்கள். சிலர், டீச்சருக்கு வயதாகிறது, மறதி வரத்தான் செய்யும் என்றார்கள். அட்டையில் தங்கள் பெயர் வரும் என்பதைக் கேட்டதும் அவர்களில் பாதிப் பேர் சம்மதித்தார்கள். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது தான் என்று ஊருக்குத் தெரிவதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

சுடலைமுத்து மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பொம்மை என்று எழுதுவீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பலவேசம் அட்டையைக் காட்டினார். 'முத்துப்பேச்சி. மூத்த மகன் சுடலைமுத்து சொல்ல, ஏஐ வரைந்த படம்.' மாவு படிந்த கையால் அட்டையை வாங்கி மறுபடி மறுபடி வாசித்தார். பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

பலவேசம் அட்டையோடு அந்தப் படத்தை இசக்கிபாண்டிக்கு அனுப்பினார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் அவனே கூப்பிட்டான். ரொம்ப நேரம் ஊர்ச் செய்தி, மழைச் செய்தி எல்லாம் பேசினான். கடைசியில்தான் கேட்டான்.

"நான் சொன்னாலும் அது வரையுமா அண்ணாச்சி?"

வரைந்தது. அவன் அங்கிருந்து ஃபோனில் சொன்னான், இவர் இங்கே தட்டினார். ஒட்டிய கன்னம், வெறும் காது, நரைத்துக் கலைந்த முடி. பல தடவை அவன் பேச்சு பாதியில் நின்றது. பலவேசம் காத்திருந்து மறுபடி தட்டினார்.

ஆவணியில் சமுதாயக் கூடம் திறந்தபோது முத்துப்பேச்சிக்கு அங்கே இரண்டு படம் இருந்தது. மூத்த மகன் சொன்னது ஒன்று, இளைய மகன் சொன்னது ஒன்று. இரண்டாவதைச் சுடலைமுத்துதான் ஆணியடித்து மாட்டினார். இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தார்.

"இப்படியா மெலிஞ்சு போயிருந்தா?" என்றார்.

அன்றைக்கே துபாய்க்குக் கூப்பிட்டுப் பேசினாராம். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு நிற்கவில்லை.

லோகநாயகி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் மகன் படத்தை மாட்டவும் இல்லை, அட்டையை வாங்கிக்கொள்ளவும் இல்லை. பலவேசம் இரண்டு தடவை போனார். முதல் தடவை, அப்புறம் பார்க்கலாம் என்றாள். இரண்டாம் தடவை கதவைத் திறக்காமலே பதில் சொன்னாள். என் பிள்ளை ஒருமுறைதான் செத்தான், நீங்கள் எழுதி மறுபடி சாகடிக்க வேண்டாம் என்றாள். அவர் திரும்பி வந்து உலகம்மையிடம் சொன்னார். அந்த வீட்டுச் சுவர் அந்த வீட்டுச் சுவர்தான், விட்டுவிடுங்கள் என்றார் உலகம்மை.

புரட்டாசி மாதம் ஒரு நாள் பகலில் லோகநாயகி மடத்துக்கு வந்தாள். மகன் படத்தை வாங்கிப் போன பிறகு அவள் மேட்டில் ஏறி வருவது அதுதான் முதல் தடவை. முந்தானைக்குள் அந்தப் படத்தை அணைத்துப் பிடித்திருந்தாள். தியானக் கூடத்தில் உலகம்மையும் பலவேசமும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் பேசாமல் மேற்குச் சுவருக்குப் போய் ஆசான் படத்தைப் பார்த்தாள். அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். படத்துக்கு முன்னால் அன்று காலையில் உலகம்மை வைத்த அரளிப் பூ இருந்தது.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கக்கா."

"என் பிள்ளை வீட்டுல சிரிக்க மாட்டான். அப்பன் இல்லாத வீடுன்னு சின்னதுலயே மூஞ்சியை இறுக்கிக்கிட்டான். இந்தப் படத்துல சிரிக்கான். காலையில எழுந்ததும் அதைப் பார்த்துட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கேன். ஆனா நேத்து அவன் சத்தம் போடுதாப்ல ஒரு கனவு. எங்கிட்ட எப்பவும் சண்டை பிடிப்பான்லா, சோத்துல உப்பு இல்லன்னு, அதே மாதிரி. நான் பதிலுக்கு யாருடா நீன்னு கேட்டுட்டேன்."

அவள் நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"என் பிள்ளையையே யாருன்னு கேட்டுட்டேன் டீச்சர்."

பலவேசம் சுருட்டிய பாயைக் கீழே வைத்தார். உலகம்மை அவள் அருகே வந்து நின்றார். ஆனால் அவளைத் தொடவில்லை.

லோகநாயகி முந்தானையை விலக்கி மகன் படத்தை வெளியே எடுத்தாள். சட்டத்தின் அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எழுதிட்டா, இதைப் பார்க்கையில எனக்கு என்ன தோணும்? நீங்க ஆசானுக்குக் கீழே எழுதி வச்சிருக்கீங்களே. அதுக்கு அப்புறமும் பூ வைக்க மனசு வருதா?"

உலகம்மை ஆசான் படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு லோகநாயகியிடம் திரும்பினார்.

"வருதுக்கா. பஸ்ல சீட்டுல துண்டு கிடந்தா நாம என்ன செய்வோம்?"

"உட்கார மாட்டோம். ஆளு வரும்."

"படமும் துண்டுதான். அதையே ஆளுன்னு நினைச்சுட்டா, அவர் வந்து எங்க உட்காருவார்?"

லோகநாயகி மகனின் சிரிப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பலவேசம் அட்டையும் பேனாவும் எடுக்கப் போகவில்லை. அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தார்.